வாங்கின இடத்திலேயே

பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குத் திரும்பி வந்த அன்று நான் கரையில் நெத்தலி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கரைவலை இழுத்து முடித்த ஆட்கள் மீனைக் கூடைகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் பக்கமிருந்து ஓர் ஓட்டோ வந்து மணலில் புதைந்து நின்றது. தடித்த சிவப்புக் குளிர்ச்சட்டை போட்ட ஒரு பெண் அதிலிருந்து இறங்கினார். கற்பிட்டிப் பக்கத்துக் காலை வெயிலில் யார் குளிர்ச்சட்டை போடுவார்கள் என்று நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், வள்ளத்தடியில் கிடந்த தென்னம்மட்டை ஒன்றை அவர் கையில் எடுத்துவிட்டார்.

அக்காவின் புருஷன் குனிந்து வலையை மடித்துக்கொண்டிருந்தான். முதல் அடி முதுகில் விழுந்தது. அவன் திரும்பியபோது இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மணலில் விழுந்தவனை அவர் விடவில்லை. மட்டை முறிந்ததும் காலால் உதைத்தார். பத்திருபது ஆம்பிளைகள் கையில் மீனோடு அப்படியே நின்றார்கள்.

"எச்.ஐ.வி. எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க," என்றார் அவர்களைப் பார்த்து. மூச்சு வாங்கியதே தவிர குரல் நடுங்கவில்லை. "அது எனக்கு இருக்கு. நான் போன்ல சொன்னதை வச்சு, வெளிநாட்டில கண்டவனோடயும் படுத்து வாங்கினது எண்டு இவன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சானாம். முதல் தரம் போகக்குள்ள என்ர ரத்தம் சோதிச்சுத்தான் அனுப்பினவங்க. ஒண்டும் இருக்கல்ல. லீவில வந்து இவனோட இருந்திட்டுப் போனன். அதுக்குப் பிறகுதான் வந்தது. வேற ஒருத்தன்ர மூச்சும் என்னில பட்டதில்ல."

அவன் வாயில் மணலோடு எழும்பி, பனங்கூடல் பக்கம் ஓடினான். அக்கா ஓட்டோவிலிருந்து பெட்டியை இறக்கினார். பிறகு என் பக்கம் வந்து, "நீ பக்கத்து வீட்டுக்கு மருமகளா வந்தவள்தானே? குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியது தெரிந்தால் அடிப்பார். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அடி வாங்கினால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, வாங்கின இடத்திலேயே குடுத்துவிட்டு வரவேண்டும் என்று அக்கா அடிக்கடி சொல்வார். அவருடைய தகப்பன் சாராயத்தில் வந்து தாயை அடிக்கிறவராம். சின்ன வயதில் ஒருநாள் அக்கா தகப்பனின் காலில் கடித்து, சதையைப் பிய்த்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த மனிதர் சாகும்வரை நொண்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அக்காவிடம் கேட்டேன். "நொண்டின பிறகும் அடிச்சவர்தான். ஆனா அம்மாவை எட்டிப் பிடிக்க முடியாமப் போயிட்டு," என்றார்.

கலியாணம் முடித்த பிறகு வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டு வேலைக்குப் போனார். லீவில் வந்து திரும்பிப் போன வருஷம், அந்த வீட்டார் கோடை விடுமுறைக்கு லண்டன் போகும்போது இவரையும் சமையலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒருநாள் சட்டை சரியாக அழுத்தவில்லை என்று எசமானி கன்னத்தில் அறைந்தாள். அக்கா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையால் இரண்டு அறை திருப்பிக் கொடுத்தார். "சூட்டுப் பெட்டியாலயே குடுத்திருக்கலாம். வச்சிட்டுத்தான் அடிச்சன். அவளும் ஒரு தாய்," என்றார். பிறகு செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓடினார். தமிழ்க் கடைக்காரர் ஒருவர் இடம் கொடுத்தார். கடைசியில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து, இருக்க அனுமதியும் கிடைத்தது. அங்கே காய்ச்சலில் விழுந்து ஆசுபத்திரியில் கிடந்தபோதுதான் இரத்தத்தில் கிருமி இருப்பது தெரியவந்தது.

இதையெல்லாம் அவர் என் வீட்டுப் பின்வளவில் உட்கார்ந்து, மீனைக் கீறி உப்பு அடைத்துக்கொண்டே சொன்னார். நான் கருவாட்டு வேலை செய்கிறவள். வந்த கிழமையே அவரும் என்னோடு சேர்ந்துவிட்டார். கத்தியை மீனின் முதுகில் இறக்கும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

"இப்ப என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டும் இல்ல."

எனக்கு விளங்கவில்லை. இந்த வருத்தத்துக்குச் சாகும்வரை நாளும் குளிசை போட வேண்டும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

"முதல் போட்டனான்தான்," என்றார். "ஒவ்வொரு நாளும் ஒண்டு. வாயில போடக்குள்ள அவன்ர மூஞ்சி வந்து நிக்கும். விழுங்கக்குள்ள அவனையே விழுங்கிற மாதிரி. அப்பதான் அங்கத்தைய டொக்டர்மார் கேட்டாங்க, ஒரு ஆராய்ச்சிக்கு வாறியா எண்டு. நான் முதல் ஆளாக் கை தூக்கினன்."

அவர் சொன்னது இது. இந்தக் கிருமி உள்ள சில பேருடைய உடம்பு அதோடு சண்டை பிடிக்கத் தானாகவே ஒரு பொருளை உண்டாக்குமாம். பிறபொருளெதிரி என்று பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தோமே, அதில் கெட்டித்தனமான வகை. அப்படியான இரண்டு வகையைப் பார்த்து, அதேபோலச் செய்து, அக்காவின் நரம்புக்குள் ஏற்றினார்கள். பிறகு குளிசையை நிப்பாட்டச் சொன்னார்கள். கிருமி திரும்பத் தலை தூக்குகிறதா, தூக்கினால் எப்போது என்று பார்க்க அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். சேர்ந்தவர்களில் சிலருக்குக் கொஞ்ச நாளிலேயே திரும்பிவிட்டதாம். அக்காவுக்கு வரவில்லை. ஒரு வருஷம் தாண்டியும் வரவில்லை.

"அப்ப சுகமாயிட்டுதா?"

"இல்ல. உள்ளுக்க எங்கயோ ஒளிச்சுக் கிடக்குது. ஆனா தலையைத் தூக்கினா அடிக்க ஆள் நிக்குது." உப்புக் கையால் முழங்கையின் உட்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "என்னை மாதிரி ரெண்டு பேரை உள்ளுக்க விட்டிருக்கிறாங்க."

அந்த நேரத்தில் ஊருக்குப் போகவேண்டாம் என்று அங்கத்தைய டொக்டர்மார் தடுத்திருக்கிறார்கள். அக்கா கேட்கவில்லை. கிருமி அடங்கிக் கிடக்கும்போதே வந்து அவனை அடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். கொழும்பு கிளினிக்கில் ஒழுங்காக இரத்தம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அந்தச் சொல்லை மட்டும் காப்பாற்றினார்.

ஊர் அவரை விடவில்லை. பொதுக் குழாயடிக்கு வரவேண்டாம் என்றார்கள். அக்கா வாளியோடு போய் வரிசையில் நின்றார். புருஷனின் தம்பி, எங்கள் கரையில் பெரிய வாய்க்காரன், வாளியைக் காலால் தட்டிவிட்டான். அக்கா அதே வாளியை எடுத்து அவன் முகத்தில் அடித்தார். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. பிறகு வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்து நிரப்பிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் வெள்ளைச் சட்டையோடுதான் வந்தார்கள். கூரை ஓட்டில் முதல் கல் விழுந்தது. பிறகு ஜன்னல் கண்ணாடி போனது. "வெளியால வாடி" என்று கத்தினார்கள். அக்கா வெளியே வந்தார். அவன் எறிந்த கல் நெற்றியில் பட்டு, புருவத்துக்கு மேலே பிளந்தது.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. இரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க அவர்களை நோக்கி நடந்தார். நெற்றியில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, அந்தக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். முதலில் ஒருவன் பின்னால் போனான். பிறகு எல்லோரும் ஓடினார்கள். எதிர்க்காற்றில் கடலுக்கு இறங்கிற ஆம்பிளைகள் அவர்கள். ஒரு பொம்பிளையின் சிவந்த உள்ளங்கையைக் கண்டு கோயில் வாசல் வரைக்கும் ஓடினார்கள். அக்கா துரத்திக்கொண்டு போனார். பாதர் படியில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்த பிறகுதான் நின்றார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நோவோ கோபமோ அதில் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அன்றைக்கு எனக்குக் கல்லெறிந்தவர்களைவிட அக்காவில்தான் பயம் வந்தது.

காயத்தைக் கழுவிவிட நான் போனேன். "நில்," என்றார். "சொப்பிங் பையை ரெண்டு கையிலயும் போட்டுக்கொண்டு வா. கிருமி இப்ப ரத்தத்தில தெரியாது. எண்டாலும் கவனமா இரு." ஐந்து நிமிஷத்துக்கு முந்தி இரத்தக் கையை நீட்டிக்கொண்டு ஊரைத் துரத்தின அதே மனிசி.

அன்றிரவு என் வீட்டுக்காரர் இனி அங்கே போகவேண்டாம் என்றார். நான் விடிந்ததும் போனேன்.

இரத்தம் பார்க்க அக்காவும் நானும் சிலாபம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயிலில்தான் கொழும்புக்குப் போவோம். கிளினிக்கில் இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர் அம்மா; எல்லோரும் நோனா என்பார்கள். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஒவ்வொரு முறையும் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டி, "இன்னும் இல்ல" என்பார். ஒருமுறை கதிரையை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"திரும்ப வந்திருக்கு," என்றார். "போன முறை சோதிக்கக்குள்ள கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்ப நிச்சயம்."

அக்கா தன் முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்தார்.

"இது உங்கட பிழை இல்ல. ஏத்தின சாமான் உடம்பில குறைஞ்சு போகும். அது போன பிறகும் இவ்வளவு காலம் அடங்கி இருந்ததே பெரிய விசயம். இப்ப குளிசை தொடங்கினா மறுபடி அடங்கும். முந்தி மாதிரியே."

"அந்த மருந்தைத் திரும்ப ஏத்த ஏலாதா?"

"அது இஞ்ச இல்ல. கடையில விக்கிற மருந்தும் இல்ல. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

குளிசைப் போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நீர்கொழும்பு தாண்டியதும் அக்கா இடது கையை நீட்டி, வலது கையால் முழங்கையின் உட்பக்கத்தை அறைந்தார். பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்தவில்லை. மருந்து ஏற்றின அதே இடம். எதிரே இருந்தவர்கள் எழும்பி வேறு பெட்டிக்குப் போனார்கள்.

"காவல் நிண்டதுகள் எங்க போச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அடிக்கிற நேரத்தில எங்க போச்சு?"

நான் அவர் கையைப் பிடித்தேன். என்னை உதறிய உதறலில் என் தலை ஜன்னல் சட்டத்தில் இடித்தது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினார். சிலாபத்தில் இறங்கும்போது அந்தக் கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

குளிசைப் போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்தார். திறக்கவில்லை. நான் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். "அவனை இனி விழுங்க மாட்டன்," என்பார். மழைக் காலம் முழுக்க அப்படியே போனது. அவர் மெலியத் தொடங்கினார். கத்தி பிடிக்கிற கை சோர்ந்துபோனது எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் எங்களிடம் கருவாடு எடுத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற நானா ஒருவர், புத்தளத்து முஸ்லிம் ஆள், வந்து சொன்னார். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தாத்தா, சொல்றன் எண்டு கோவிக்க வாணாம். உங்கட மாப்பிள்ளை வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு கஜுத் தோட்டத்தில காவலுக்கு இருந்தார்தானே. இப்ப எழும்ப ஏலாமக் கிடக்கிறார். எலும்பும் தோலும்தான். இருமினா ரத்தம் வருது. அல்லாவுக்காக ஒருக்காப் போய்ப் பாருங்க."

அக்கா கத்தியைக் கழுவி வைத்தார். "ஓட்டோவுக்குச் சொல்லு," என்றார் என்னிடம். எதற்குப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. முடித்துவிட்டு வரத்தான் போகிறார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் கூடப் போனேன்.

கஜு என்கிற முந்திரி மரங்களுக்கு நடுவே ஓலைக் குடிசை ஒன்று. வாசலில் பற்றை வெட்டுகிற மன்னாக் கத்தியோடு அவன் தம்பி நின்றான். உள்ளே கட்டிலில் கிடந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவைக் கண்டதும் அவன் போர்வையால் முகத்தை மூடினான். அக்கா கட்டில் காலை உதைத்தார்.

"எழும்பு. ஆசுபத்திரிக்குப் போவம்."

"அடிக்க வந்தியா? அடி. நான் சாகத்தான் போறன்."

கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. "சாகிறது உன்ர இஷ்டம் இல்ல."

தம்பி உள்ளே வந்து நடுவில் நின்றான். "ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனா ஊருக்குத் தெரிஞ்சிரும். எங்கட வீட்டில குமர்ப் பிள்ளைகள் இருக்குதுகள். நீ குடுத்த வருத்தம்தானேடி இது. அண்ணன் நிம்மதியாச் சாகட்டும்." சொல்லிக்கொண்டே கத்தியை ஓங்கினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மெலிந்த உடம்புதான். ஆனாலும் இருவரும் சுவரில் மோதி, ஓலை கிழிந்து, நிலத்தில் விழுந்து புரண்டார்கள். கத்தி என் காலடியில் வந்து உரசியது. நான் கத்தினேன்.

கட்டிலில் இருந்தவன் கீழே விழுந்து தவழ்ந்து வந்தான்.

"அவளை விடு," என்றான் தம்பியிடம். இருமல் விட்டுவிட்டு வந்தது. "நான்தான் அவளுக்குக் குடுத்தது. பலநாள் வள்ளத்தில போய்க் கண்ட துறைமுகத்திலயும் இறங்கின காலத்தில எனக்கு வந்தது. கொழும்பில சோதிச்சுச் சொன்னவங்க. அவ லீவில வர முதலே எனக்குத் தெரியும்."

தம்பியின் பிடி தளர்ந்தது. அக்கா எழும்பி நின்றார். கத்தி அவர் கைக்கு எப்படிப் போனதோ தெரியாது. அவன் தலைக்கு நேரே நின்றார். தெரியாமல் கொடுத்துவிட்டான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். தெரிந்தே கொடுத்தான் என்பது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. ஓட்டோக்காரன் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான்.

அக்கா கத்தியைக் கிழிந்த ஓலைக்குள்ளால் வெளியே எறிந்தார். குனிந்து, அவனை அரிசிச் சாக்குப்போலத் தூக்கித் தோளில் போட்டார். ஓட்டோ வரைக்கும் நடக்கிற தூரம் முழுக்க, தூக்கின கையை விடாமல், மற்றக் கையால் அவன் முதுகில் குத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு குத்துக்கும் அவன் முனகினான். ஓட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு, அவன் வாயைத் தன்னுடைய முந்தானையால் துடைத்துவிட்டார்.

கசம் என்கிற காசநோய், எச்.ஐ.வி. இரண்டும் இருந்தது. புத்தளத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். நாட்கணக்காகக் கிடந்து, கசத்துக்கும் பிறகு மற்றதுக்கும் மருந்து தொடங்கி, உயிர் தங்கும் என்றான பிறகு வீட்டுக்கு விட்டார்கள். தம்பி வீட்டில் சேர்க்கவில்லை. அக்கா தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் அவன் குளிசையை விழுங்கவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் திரும்பியதும் துப்பினான். ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோன நேரம் அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். தாடையைப் பிடித்து வாயைத் திறக்கப் பார்த்தார். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு மட்டும் என்னத்துக்கு?" என்றான். "அலுமாரிக்கு மேல கிடக்கே, அது ஆர்ர போத்தல்? நீ எடுக்கிறியா?"

அக்காவின் கை தாடையிலேயே நின்றது. பிறகு விட்டார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, போத்தலை எடுத்தார். தூசியை ஊதினார். மூடியைத் திறந்து ஒரு குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"இப்ப நீ," என்றார்.

அவன் வாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து ஒழுங்காகிவிட்டது என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. குமட்டுது என்பான், தலை சுத்துது என்பான், செத்தால் என்ன என்பான். ஒவ்வொன்றுக்கும் அடி விழும். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். என் பிள்ளைகள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கும். ஒருநாள் தாங்காமல் போய்க் கேட்டேன்.

"வருத்தக்காரனை இப்பிடி அடிக்கிறீங்களே அக்கா."

"அடிக்காட்டி செத்திருவான்."

"அடிக்காம ஒராளைப் பிழைக்க வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

நான் கோபத்தில்தான் கேட்டேன். அவர் அதை மெய்யாகவே யோசித்தார். கையிலிருந்த கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியாது தங்கச்சி," என்றார். "ஒருத்தரும் காட்டித் தரல்ல."

இரண்டு பேருக்கும் உடம்பு தேறியது. கிளினிக்கில் டொக்டர் நோனா அக்காவிடம், "அடங்கிட்டுது, முந்தி மாதிரியே" என்றார். அவனுக்கும் குறைந்துகொண்டு வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. கரைக்கு நடந்து போகத் தொடங்கினான். அங்கேதான் யாரோ பகிடி பண்ணியிருக்கிறார்கள். பொம்பிளையின் கையால் அடி வாங்கிக் குளிசை தின்கிற ஆள் என்று.

அன்று பின்னேரம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு ஓடிப்போனேன். அவன் அடித்திருந்தான். அக்காவின் கீழுதடு கிழிந்து இரத்தம் வடிந்தது. ஆனால் அதற்குள் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் சுவரோடு சரிந்து, வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கை பார்க்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் சிவப்பு.

"பார்த்தியா தங்கச்சி? கை ஓங்கப் பலம் வந்துட்டு அவனுக்கு. போன மாசம் சோத்தைப் பிசையவும் ஏலாமக் கிடந்தவன்."

எலும்பு வைத்துக் கட்ட ஆசுபத்திரிக்கு அவரே கூட்டிப்போனார். திரும்பி வந்த பிறகு, குளிசை நேரத்தில் அவனால் போத்தலைத் திறக்க முடியவில்லை. அக்கா திறந்து, ஒன்றை எடுத்து அவன் நாக்கில் வைத்தார். தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே கோப்பைத் தண்ணீர் குடித்தார்கள்.

கட்டுப் பிரித்த கிழமை அக்கா பெட்டியைக் கட்டினார். "இனி இஞ்ச இருந்தா ரெண்டில ஒண்டு சாகும்," என்றார். "வருத்தத்தில இல்ல." ஓட்டோ வந்தபோது அவன் வாசலில் நின்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் தலையில் கை வைத்தார். அந்தக் கை இவ்வளவு மெதுவாக ஒருவரைத் தொடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

லண்டனிலிருந்து இடைக்கிடை போன் எடுப்பார். அந்த டொக்டர்மார் மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்களாம். புதிதாக ஏதும் வந்தால் திரும்பவும் கை தூக்குவேன் என்றார். மீன் விலை கேட்பார், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார். கடைசியில்தான், "அவன் விழுங்கிறானா?" என்பார். நான் ஓம் என்பேன். உடனே வைத்துவிடுவார்.

அவன் உண்மையில் விழுங்குகிறான். வலை இழுக்க மணிக்கட்டு விடாது. கரையில் கிழிந்த வலை பொத்துகிற வேலை செய்கிறான். போன மாதம் ஒரு பின்னேரம் வேலியடிக்கு வந்து நின்றான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவ எடுக்கிறாவா எண்டு ஒருக்காக் கேளுங்க. குளிசையை."

அடுத்த முறை போன் வந்தபோது கேட்டேன். உடனே வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கேட்டவனுக்குச் செவிட்டைப் பொத்தி ஒண்டு குடு," என்றார். "எனக்காக." பிறகு, மிகவும் சின்னக் குரலில், "எடுக்கிறன்" என்றார்.

அவன் வேலியடியிலேயே காத்துக்கொண்டு நின்றான். நான் அடிக்கவில்லை.

"எடுக்கிறாவாம்," என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.